அரை மணிப் பாட்டுக்கு நம் பணமா?

சென்ற பொதுக்குழுவில் ஒரு யோசனை வந்தது. மும்பையில் இயங்கும் தனியார் பண்பலை நிலையம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அரை மணி நேரத்தை விலைகொடுத்து வாங்குவது. அதில் தமிழ்த் திரைப்பாடல்களை ஒலிபரப்பச் செய்வது. அதற்காக ஒவ்வொரு உறுப்பினர் குடும்பத்திடமும் மாதச் சந்தாவோடு சேர்த்து ஒரு தொகை வசூலிப்பது. கைதட்டல் பலமாகவே இருந்தது. "நம்ம பாட்டு ரேடியோவில வரட்டும் அண்ணாச்சி, நாமளும் இந்த ஊர்லதான் இருக்கோம்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலில் இருந்த ஏக்கம் நமக்குப் புரியாததல்ல. மூன்று தலைமுறையாக இந்த நகரத்தில் தோல் பதனிட்டும், பாத்திரம் தேய்த்தும், இட்லி சுமந்தும், தண்டவாளம் பழுது பார்த்தும் வாழ்கிற மக்களுக்கு, பொது வெளியில் தங்கள் மொழி ஒருமுறை ஒலித்தால் கண்ணில் நீர் வரத்தான் செய்யும்.

ஆயினும் இந்த யோசனையை நாம் எதிர்க்கிறோம். யோசனை சொன்னவர்கள் நம் பகைவர்கள் அல்லர். நம்மோடு ஒரே குழாயடியில் நிற்பவர்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம். நம்மிடம் விற்க முன்வரும் சரக்கு முதலில் யாருடையது, அது எப்படி விற்பவன் கைக்குப் போயிற்று என்று கேட்காமல் காசை எண்ணிக் கொடுப்பது ஏமாளித்தனம். பார்சல் ஆபீசில் கூட, மூட்டைக்கு உரிய ரசீதைப் பார்க்காமல் ஒருவரும் கையெழுத்துப் போடுவதில்லை. பம்பாய் வானொலியின் ரசீதை நாமும் ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.

இந்த நகரத்தின் முதல் முறையான வானொலி நிலையமே ஒரு வியாபாரக் கம்பெனியுடையதுதான். இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்பது அதன் பெயர். 1927 ஜூலை 23 அன்று வைசிராய் இர்வின் பிரபு அதைத் திறந்துவைத்தார். அடுத்த மாதமே கல்கத்தாவிலும் ஒரு நிலையம். வானொலிப் பெட்டி வைத்திருப்பவன் ஆண்டுக்கு 10 ரூபாய் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். அதில் பெரும்பங்கு கம்பெனிக்கு. பெட்டியின் விலையோ ஆலைத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம். கேட்டவர்கள் யாராக இருந்திருப்பார்கள்? வெள்ளைக்காரத் துரைமார்களும், மலபார் ஹில் செல்வந்தர்களும், சில வக்கீல்களும். 1928-ல் இதே பம்பாயில் ஒன்றரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளிகள் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்து பட்டினி கிடந்தார்கள். பரேலிலும் லால்பாகிலும் இருந்த சால்களில் வானொலிப் பெட்டிக்கு என்ன வேலை? நாடு முழுவதும் சேர்த்து 1929 இறுதியில் கூட உரிமங்களின் எண்ணிக்கை எட்டாயிரத்தைத் தொடவில்லை. ஏழையை வெளியே நிறுத்திவிட்டுத் திறந்த கடை, பணக்காரனை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாமல், 1930 மார்ச்சில் திவாலாயிற்று. மூன்று வருஷம்கூட நிற்கவில்லை. ஏப்ரல் 1 முதல் சர்க்காரே அதை எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. தனியார் நடத்தினால் திறமை, சர்க்கார் நடத்தினால் நஷ்டம் என்று இன்று கூவுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

அதே சமயத்தில் நம் சென்னையில் நடந்ததைப் பாருங்கள். 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பவரும் நண்பர்களும் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஒரு சங்கம் அமைத்து, 40 வாட் கருவி ஒன்றை வைத்து ஒலிபரப்பினார்கள். நம் வீட்டில் எரிகிற குண்டு பல்பின் சக்தி, அவ்வளவுதான். 1927-ல் பணமில்லாமல் சங்கம் படுத்துவிட்டது. ஆனால் கருவி வீணாகப் போகவில்லை. அது சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்து, 1930 முதல் மாநகராட்சியே மாலை நேரங்களில் ஒலிபரப்பு நடத்தியது. மெரினாக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். பெட்டி வாங்க வக்கில்லாத மீனவனும் ரிக்‌ஷாக்காரனும் மணலில் உட்கார்ந்து காசில்லாமல் பாட்டுக் கேட்டார்கள். 1938-ல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வரும் வரை இது நடந்தது. பம்பாயில் கம்பெனிக்காரன், சென்னையில் மாநகராட்சி. கருவியின் சக்தி பெரிதா சிறிதா என்பது ஒரு பொருட்டே இல்லை. யார் கேட்பதற்காக வைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

பாட்டுப் போதும் என்கிற நண்பர்கள் அடுத்த கட்டத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

1952-ல் மத்திய ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று முடிவு செய்து, அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஏறக்குறைய விரட்டியே விட்டார். மேல்தட்டு ரசனையை மேலிருந்து கீழே புகட்ட நினைக்கும் மந்திரிகளுக்கு நம் நாட்டில் எப்போதுமே பஞ்சமில்லை. மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பினார்கள். சிற்றலையில் இலங்கை வானொலி கிடைத்தது. 1952 டிசம்பர் 3-ல் அங்கே தொடங்கியதுதான் 'பினாகா கீத்மாலா'. அமீன் சயானி வாரா வாரம் பம்பாயிலேயே பேசிப் பதிவு செய்வார். ஒலிநாடா விமானத்தில் கொழும்புக்குப் போகும். அங்கிருந்து திரும்ப நம் காதுக்கு வரும். பம்பாய்ப் பற்பசைக் கம்பெனியின் விளம்பரம், பம்பாய்க் குரல், பம்பாய்ச் சினிமாப் பாட்டு, லாபம் மட்டும் கொழும்பு வழியாக. தமிழ்ப் பாட்டுக்கும் அப்படியே. மயில்வாகனத்தின் பேச்சைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் நம் தாராவிச் சந்துகளில் இப்போதும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

மலரட்டும். ஆனால் அந்தத் தமிழ்ப் பாட்டுகள் தேன்மாரியாகப் பொழிந்த அதே இலங்கையில், தேயிலை பறித்த தமிழர்களின் கதி என்ன? 1948-ல் அங்கே வந்த குடியுரிமைச் சட்டம் ஏழு லட்சம் அளவிலான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், 9,75,000 பேரைத் தலை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கூறு போட்டது. தேயிலைப் பெட்டியைக்கூட இதைவிட மரியாதையாக அனுப்புவார்கள். லயத்துக் காம்பிராவில் வானொலி தமிழில் பாடிக்கொண்டுதான் இருந்தது. அந்த மக்களுக்குப் பாட்டு இருந்தது, வாக்கு இல்லை. நம் மொழியில் பாட்டு வருகிறது என்பதால் நமக்கு அந்த ஊரில் இடம் கிடைத்துவிட்டது என்று எண்ணுவது எவ்வளவு பெரிய மயக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கொழும்புக்குப் போகும் விளம்பரக் காசைப் பார்த்துத் டில்லிக்கு வயிறு எரிந்தது. 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கினார்கள். சந்தா கமிட்டி பரிந்துரைத்தபடி 1967 நவம்பர் 1 அன்று பம்பாய், புனா, நாகபுரி நிலையங்களில் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. ஆக, சர்க்கார் வானொலியில் விளம்பரம் என்பதும் முதலில் நம் நகரத்தில்தான் வந்தது. அந்த வருஷங்களை இந்த ஊர்த் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தென்னிந்தியர் நம் வேலையைப் பறிக்கிறார்கள் என்ற கூச்சல் 1966-க்குப் பிறகு தெருவுக்கு வந்து, உடுப்பி ஓட்டல்களின் கண்ணாடி உடைபட்ட காலம் அது. வானொலியோ சாதி மதம் மொழி பாராமல் எல்லோருக்கும் சோப்பு விற்றது. சோப்பு வாங்க நாம் வேண்டும். வேலை கேட்டு வந்தால் மட்டும் வேண்டாதவர்கள்!

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சர்க்கார் வானொலியில் குறை ஆயிரம் இருந்தாலும், வியாபாரம் ஒரு வாசலில், செய்தி ஒரு வாசலில், விவசாயிக்கும் தொழிலாளிக்கும் ஒரு வாசலில் என்று வீடு பெரிதாக இருந்தது. அஞ்சலகத்தில் வரிசையில் நின்று உரிமப் புத்தகத்தில் முத்திரை வாங்கி வந்தோம். அது நம் காசில் நடந்த வானொலி. அடுத்து நடந்தது வீட்டையே அறை அறையாக வாடகைக்கு விட்ட கதை. 1993-ல் பம்பாயிலும் டில்லியிலும் அகில இந்திய வானொலியின் பண்பலையில் மணிக்கணக்கில் நேரத்தைத் தனியார் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். பெரிய பத்திரிகை முதலாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். சர்க்காரின் கோபுரம், சர்க்காரின் மின்சாரம், முதலாளியின் சரக்கு. 1998-ல் அந்தக் குத்தகை முடிந்தபோது, இனி அறை வேண்டாம், மனையே வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு அவர்களுக்குத் துணிவு வந்துவிட்டது.

இதற்கிடையில் 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. கிரிக்கெட் பந்தயத்தை ஒளிபரப்பும் உரிமை யாருக்கு என்று வங்காளக் கிரிக்கெட் சங்கம் தொடுத்த வழக்கு. கிரிக்கெட்டை விடுங்கள். அந்தத் தீர்ப்பில், வான் அலைகள் பொதுச்சொத்து என்று நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள். அந்தச் சாதனத்தின் ஏகபோகம் அரசாங்கத்தின் கையில் இருந்தாலும் சரி, தனி மனிதர் அல்லது நிறுவனத்தின் கையில் இருந்தாலும் சரி, ஏற்க முடியாது என்றார்கள். பொதுச்சொத்து! ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. இதைக் கேட்ட சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? பொதுக் கிணற்றை ஏலம் விட்டது.

1999-ல் கொள்கை அறிவித்தார்கள். 40 நகரங்களில் 108 அலைவரிசைகள். யார் அதிகப் பணம் கேட்கிறாரோ அவருக்கு. மும்பையில் ஓர் அலைவரிசை ஆண்டுக்கு 9.75 கோடி ரூபாய்க்குப் போயிற்று. ஆண்டுதோறும் 15 விழுக்காடு கூடும் என்பது நிபந்தனை. பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுங்கள். பத்தாவது ஆண்டில் கட்டணம் மட்டும் 34 கோடியைத் தாண்டுகிறது. சம்பளம், வாடகை, மின்சாரம் எல்லாம் அதற்குமேல். ஏலத்தில் எடுத்தவர்களில் பலர் ஓட்டம் பிடித்தார்கள். 2001 ஜூலையில் பெங்களூரில் ரேடியோ சிட்டி முதல் தனியார் பண்பலை நிலையமாகத் தொடங்கிற்று. 2002-ல் மும்பையில் அதுவும் வேறு சிலவும் வந்தன. அந்த முதற்கட்டத்தில் நாடு முழுவதும் உருப்படியாக இயங்கியவை இருபத்தொன்றோ இருபத்திரண்டோதான். கம்பெனிகள் அழுதன. அழுதவுடன் பால் கிடைத்தது. 2005-ல் விதியை மாற்றி, நுழைவுக் கட்டணம் ஒரு தடவை, அப்புறம் ஆண்டு வருவாயில் 4 விழுக்காடு என்று குறைத்துக் கொடுத்தார்கள். ரேஷன் கடையில் அரிசி அளவு குறைகிறதென்று நாம் அழுதபோது இவ்வளவு விரைவாக எந்தக் கொள்கையும் மாறியதாக நமக்கு நினைவில்லை. 2015 ஏலத்தில் மும்பையின் ஓர் அலைவரிசைக்கு 120 கோடி ரூபாய்க்கு மேல் விலை வந்தது.

120 கோடி கொட்டி வாங்கியவன் யாரைப் பார்த்துப் பேசுவான்? கார் வாங்குகிறவனை, வீட்டுக்கடன் எடுக்கிறவனை, நகைக்கடையில் நுழைகிறவனை. பத்து விநாடிக்கு இவ்வளவு என்று தன் நேரத்தை அளந்து விற்கிறவனுக்கு, கோவண்டியில் குப்பை பொறுக்கும் பெண்ணின் காதுக்கு என்ன விலை? அவள் காதுக்கு விலையில்லை. ஆகவே அவளுக்காக ஒரு விநாடியும் இல்லை. அந்த நிலையங்களில் வேலை செய்யும் இளைஞர்களை நாம் குறை சொல்லவில்லை. தராசு அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. தனியார் பண்பலை எதுவும் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. பாட்டுப் போடலாம், கிச்சுகிச்சு மூட்டலாம், ஜோசியம் சொல்லலாம், செய்தி கூடாது. 2011-ல் வந்த மூன்றாம் கட்ட விதியில் கொஞ்சம் தளர்த்தினார்கள். அகில இந்திய வானொலியின் செய்தியை ஓர் எழுத்து மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, உள்ளூர் நிர்வாகம் தருகிற தண்ணீர், மின்சார அறிவிப்பு, இயற்கைச் சீற்ற அறிவிப்பு ஆகியவை செய்தி ஆகா என்று சலுகை கொடுத்தார்கள். அதாவது, நாளை தண்ணீர் வராது என்று மாநகராட்சி சொன்னால் அதை வானொலி சொல்லலாம். தண்ணீர் ஏன் வரவில்லை என்று 90 அடி ரோட்டுத் தாய் ஒருத்தி கேட்டால் அது செய்தியாகிவிடும்! தனியார் தொலைக்காட்சிகள் இருபத்துநான்கு மணி நேரமும் செய்தி என்ற பெயரில் சண்டை போடலாம். தாளில் அச்சடிக்கலாம். ஏழையும் கேட்கக்கூடிய, படிப்பறிவு வேண்டாத வானொலிக்கு மட்டும் வாய்ப்பூட்டு. 2013-ல் 'காமன் காஸ்' அமைப்பு இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயிற்று. 2023-ல் ட்ராய் ஆணையமே, மணிக்குப் பத்து நிமிடம் செய்திக்கு இடம் கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. அந்தப் பத்து நிமிடத்துக்கே இத்தனை ஆண்டுப் பேச்சு.

செய்தி இல்லாததால் நமக்கு என்ன குறைந்துவிட்டது என்று கேட்பவர்கள் 2020 ஏப்ரல் 14-ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஊரடங்கு முடியும் என்று எதிர்பார்த்த நாள். அன்று காலை அதை மே 3 வரை நீட்டித்தார்கள். மாலையில் பாந்திரா ரயில் நிலையத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் திரண்டுவிட்டார்கள். ஊருக்கு ரயில் விடுகிறார்கள் என்ற பேச்சு கைபேசிக்குக் கைபேசி பரவியிருந்தது. ரயில் ஏது? கடைசியில் கிடைத்தது போலீஸ் தடியடி. அன்று டிக்கெட் கவுண்டர்கள் பூட்டிக் கிடந்தன என்பது ரயில்வேயில் இருக்கும் நமக்குத் தெரியும். பசியோடு அறைக்குள் அடைந்து கிடந்த வங்காளத்துத் தையல்காரனுக்கும் பிகார்க் கொத்தனாருக்கும் எப்படித் தெரியும்? முதல் சிரமிக் ரயில் மே 1-ல்தான் ஓடிற்று. யாருக்கு டோக்கன், எந்தப் போலீஸ் நிலையத்தில் படிவம், எந்த நிலையத்திலிருந்து எந்த வண்டி என்று நம் ஜனங்கள் தெருத் தெருவாக அலைந்தார்கள். கோடிகள் கொடுத்து வாங்கிய அலைவரிசைகள் அத்தனையும் இந்த நகரத்தின் தலைக்கு மேலே பாய்ந்துகொண்டுதான் இருந்தன. அவற்றில் ஒன்றாவது வங்காளத்திலும் போஜ்புரியிலும் தமிழிலும், இன்றைக்கு ரயில் இல்லை, பாந்திரா போகாதீர்கள், அரிசி இந்த இடத்தில் கொடுக்கிறார்கள் என்று மணிக்கொருமுறை சொல்லியிருந்தால் எத்தனை முதுகுகள் தப்பியிருக்கும்!

இப்போது தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவனுக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. அதற்குப் பின் வந்தவனுக்கும் மேல்தளத்தில் குடியிருப்பவனுக்கும் வேறு வேறு விதி, வேறு வேறு இடம். எந்தக் காகிதம் செல்லும், எது செல்லாது? மின்சார பில் அப்பா பேரில், ரேஷன் அட்டை மகன் பேரில் இருந்தால் என்ன செய்வது? மராத்தியும் இங்கிலீஷும் தெரியாத நம் ஆச்சிமார்களுக்கு இதைத் தமிழில் பொறுமையாக எடுத்துச் சொல்ல எந்த வானொலி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் நாலு பாட்டைப் போட்டுவிட்டால், வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளர் அதைக் கேட்டுத் தாளம் போட்டுக்கொண்டே தகுதிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவாரா?

ஆகவே நம் காசை அரை மணிப் பாட்டுக்குக் கொடுக்காதீர்கள் என்கிறோம். பாட்டு இன்று கைபேசியில் இலவசமாகவே கிடைக்கிறது.

கைபேசி என்றதும், "அப்படியானால் வானொலியே எதற்கு, வாட்ஸாப் குழு போதாதா?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். பாந்திராவுக்கு அந்த மக்களைக் கொண்டுபோய் நிறுத்தியது எது என்று அவர்களே யோசிக்கட்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, மித்தி நதி வீட்டுக்குள் வந்ததே, லோக்கல் ரயில்கள் நின்று ஜனங்கள் தண்டவாளம் வழியாகவே நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்களே, அன்று எத்தனை கைபேசிக்கு உயிர் இருந்தது? பேட்டரி செல் போட்ட பெட்டி அன்றும் பாடிற்று. இதை உணர்ந்துதான் 2023 ஏப்ரலில் மத்திய அரசே, கைபேசிகளில் பண்பலை வாங்கியை முடக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பிற்று.

சரி, என்ன செய்யலாம்? சமுதாய வானொலி என்று ஒன்று இருக்கிறது. 2002-ல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அப்படி முதல் நிலையம் வந்தது. 2006-ல் விதியைத் திருத்தி, மூன்று ஆண்டுகளாவது பதிவு பெற்று இயங்கும் லாபநோக்கற்ற சங்கங்களும் கேட்கலாம் என்றார்கள். 100 வாட் சக்தி. சில மைல் சுற்றளவு. தாராவி, சயான், மாட்டுங்கா லேபர் கேம்ப், ஆன்டாப்ஹில் வரை எட்டினால் நமக்குப் போதாதா? அனுமதிக்கு ஏலம் கிடையாது. 25 ஆயிரம் ரூபாய் வங்கி உத்தரவாதம் கேட்டார்கள். அலைக்கற்றைக்கு ஆண்டுக்கு 19,700 ரூபாய். 2012-ல் அதை 91 ஆயிரமாக உயர்த்த முயன்றபோது நாடெங்கும் இருந்த சின்னச் சின்ன நிலையங்கள் ஒன்றாகக் குரல் கொடுத்து அந்த உயர்வை நிறுத்தின. குரல் உள்ளவனுக்குக் கட்டணமும் குறைகிறது, பாருங்கள். கருவிகளுக்குச் சில லட்சம் ஆகும் என்பது உண்மை. கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாம் வசூலிக்காத லட்சமா?

முடியாது என்பவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்கட்டும். ஆந்திரமாக இருந்தபோது மேடக் மாவட்டத்தில், 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் ரேடியோ தொடங்கிற்று. நடத்தியவர்கள் கூலி வேலை செய்யும் தலித் பெண்கள். மைக்கைப் பிடித்து, தங்கள் பேச்சுத் தெலுங்கிலேயே விதையைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேசினார்கள். டில்லிக்குப் பக்கத்தில் குர்காவில், 2009 நவம்பரில் 'குர்காவ் கீ ஆவாஸ்' வந்தது. அது நம்மைப் போன்ற வந்தேறித் தொழிலாளிகள் வாழும் இடம். துணி ஏற்றுமதித் தொழிற்சாலைகள் நிறைந்த உத்யோக் விஹார் ஒட்டிய பகுதி. பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த தையல் தொழிலாளிகள் தங்கள் ஊர்ப் பாட்டைத் தாங்களே பாடினார்கள், தங்கள் குறையைத் தாங்களே பேசினார்கள். சினிமாப் பாட்டை விலைக்கு வாங்கி ஒலிபரப்பியதாக இருந்தால் நாம் அதை இங்கே சொல்லியிருக்க மாட்டோம்.

சமுதாய வானொலிக்கும் செய்தித் தடை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. 2006 விதியிலேயே அந்தப் பூட்டு இருக்கிறது. அதை உடைக்கச் சட்டப்படி போராட வேண்டியதுதான். ஆனால் ரேஷன் அட்டைக்கு விண்ணப்பிப்பது எப்படி, பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரியில் என்ன காகிதம் கேட்பார்கள், பள்ளியில் பிள்ளையை எந்தத் தேதிக்குள் சேர்க்க வேண்டும், சம்பளம் கொடுக்காத மேஸ்திரி மீது எங்கே எழுதிக் கொடுக்கலாம் என்பதெல்லாம் பேச அங்கே இடம் இருக்கிறது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே, உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் தயாரிக்க வேண்டும் என்று விதியே கட்டளை இடுகிறது. விளம்பரம் முதலில் மணிக்கு 5 நிமிடம் என்றார்கள். 2024-ல் அதை 12 நிமிடமாக்கினார்கள். நம் மளிகைக் கடைகளும் மாவுக்கடைகளும் அதற்குக் காசு கொடுக்கும்.

மராத்தி நண்பர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது அவர்கள் மண். அவர்கள் மொழியின் இடத்தை நாம் கேட்கவில்லை. நாம் கேட்கும் வானொலியில் தமிழுக்குப் பக்கத்திலேயே மராத்தியும், உருதுவும், கும்பார்வாடாவின் குஜராத்தியும் பேச வேண்டும். ஒரே சாக்கடை, ஒரே குழாய், ஒரே கணக்கெடுப்பு. வானொலி மட்டும் தனித் தனியாகவா?

கசப்பான ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. அரசியல் கட்சிகளுக்கும், அவற்றின் மாணவர், மகளிர், தொழிற்சங்க அணிகளுக்கும் சமுதாய வானொலி அனுமதி கிடையாது. விதி சரியா தவறா என்பது வேறு. தேர்தல் வந்தால் சங்க மேடையில் ஏறி நிற்கும் கொடிகள் எத்தனை வண்ணம் என்று எண்ணிப் பாருங்கள். மாலை வாங்குவதற்காகச் சங்கத்தின் பெயரை அடகு வைக்கும் தலைவர்கள், நாளை விண்ணப்பம் தள்ளப்பட்டால் என்ன பதில் சொல்வார்கள்? அரசியல் பேசும் இந்த இதழ் இதைச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். அரசியல் வேறு, ஒரு கட்சியின் வால் பிடிப்பது வேறு. ஊருக்கொரு சங்கம், சாதிக்கொரு சங்கம் என்று பிரிந்து கிடப்பவர்களுக்கும் இதே கேள்விதான். ஒரு கோபுரத்தில் ஏழு சங்கத்தின் பெயர்ப்பலகை தொங்காது.

அடுத்த பொதுக்குழுவில் அரை மணி நேரம் வாங்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. அதற்கு எதிராக வாக்களியுங்கள். அதே கூட்டத்தில் நாம் ஒரு திருத்தம் கொண்டுவருகிறோம்: வசூலிக்க நினைத்த தொகையைச் சமுதாய வானொலி விண்ணப்பத்துக்கென்று தனிக் கணக்கில் போடுவது, எந்தக் கட்சியிலும் பொறுப்பு வகிக்காத ஏழு பேர் கொண்ட குழு அமைப்பது, அதில் மூவராவது பெண்களாக இருப்பது. சங்கப் பதிவுச் சான்றும் கடந்த மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கும் பொருளாளரிடம் இருக்கின்றன. அவற்றின் நகலைக் கூட்டத்துக்குக் கொண்டுவருமாறு இப்போதே கேட்டுக்கொள்கிறோம். சிக்னல் பிரிவிலும் தொலைத்தொடர்புப் பிரிவிலும் ஓய்வு பெற்ற நம் ரயில்வே தோழர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கம்பி, கோபுரம், மின்சாரம் பற்றித் தெரிந்தவர்கள். அவர்கள் கட்டாயம் வர வேண்டும்.